ஏழாம் மாதத்து இளைப்பு

கழுகுமலையில் 1895-ஆம் ஆண்டுப் பங்குனித் திருவிழாவில் மூண்ட கலவரத்தைப் பற்றி எழுத உட்காருகிறவருக்குச் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. போலீஸ் பதிவு, வழக்கு, தீர்ப்பு என்று எல்லாம் இருக்கின்றன. பூமணி அந்தக் காலத்தையே தோண்டியெடுத்து ‘அஞ்ஞாடி’ என்ற பெரிய நாவலாக்கியிருக்கிறார். அதே ஊரிலும் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களிலும் பேறுகாலத்தில் செத்துப்போன பெண்களைப் பற்றி எழுத உட்காருகிறவருக்குக் கிடைப்பது கிராம முன்சீப் எழுதிவைத்த சாவுக் கணக்கு மட்டும்தான். அதில் காலரா, பெரியம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று சில கட்டங்கள் இருக்கும். எதிலும் அடங்காததை ‘மற்றவை’யில் போட்டுவிடுவார்கள். முன்சீப் வைத்தியர் இல்லை. பிள்ளை பெற்ற மறுநாள் மூச்சுத் திணறி இறந்த பெண்ணின் நெஞ்சில் என்ன கோளாறு இருந்தது என்பது அவருக்கும் தெரியாது, பேறு பார்த்த மருத்துவச்சிக்கும் தெரியாது, கட்டியவனுக்கும் தெரியாது. ஆகவே, இதய நோயுள்ள பெண் கருவுற்றால் கரிசல் காட்டில் என்ன நடந்தது, அந்தக் கருவைக் கலைத்து அவளைக் காப்பாற்றும் வழி அவளுக்கு எப்போது திறந்தது என்ற வரலாற்றை ஓர் ஆவணக் கட்டிலிருந்து எடுத்துவிட முடியாது. சட்டப் புத்தகம், மருத்துவ நூல்கள், ஆஸ்பத்திரிக் கணக்குகள், ஊர் வழக்கம் இவற்றை அருகருகே வைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்படி வைத்துப் பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது வியப்பான ஒன்று. இந்தியாவில் கருக்கலைப்பின் வரலாறு என்றால் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தொடங்குவதே பழக்கமாகிவிட்டது. அதற்கு முன் இருள், பின் வெளிச்சம் என்ற கணக்கு. ஆனால், 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு கருவைக் கலைப்பவருக்கு மூன்றாண்டுச் சிறையும், கரு அசையத் தொடங்கிய பின் கலைத்தால் ஏழாண்டுச் சிறையும் விதித்த அதே வாக்கியத்தில், தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதைக் குற்றத்திலிருந்து விலக்கி வைத்தது. இதய நோயால் உயிருக்கு ஆபத்திலிருந்த கர்ப்பிணிக்கு, ஏட்டளவில், நூற்றுப் பதினோரு ஆண்டுகள் முன்பாகவே வழி இருந்தது. அந்த வழியில் நடந்து போன கரிசல் பெண்கள் அநேகமாக இல்லை. காரணம், ஆபத்து இருக்கிறது என்று சொல்ல யாரும் இல்லை. சொல்ல ஆள் வந்தபோது காலம் கடந்திருந்தது. இந்த வரலாற்றின் முதுகெலும்பு நோய் எந்த மாதத்தில் கண்டுபிடிக்கப்பட்டது என்பதுதான் என்றும், சட்டம் அதைப் பின்தொடர்ந்து வந்த துணை மட்டுமே என்றும் நான் கருதுகிறேன். மறுப்புகள் உண்டு. அவற்றுக்கு முன் நோயைப் பார்க்க வேண்டும்.

நம் ஊர்ப் பெண்களின் இதயத்தைக் கெடுத்தது பெரும்பாலும் ருமாட்டிக் காய்ச்சல் என்ற வாதக் காய்ச்சல். சின்ன வயதில் ஒருவகைக் கிருமியால் வரும் தொண்டைப்புண்ணைக் கவனிக்காமல் விட்டால், சில வாரங்களில் காய்ச்சலும் மூட்டுவீக்கமும் வரும். இன்று முழங்காலில் இருக்கும் வலி நாளை கணுக்காலுக்குப் போகும், மறுநாள் முழங்கைக்கு ஏறும். இடம் மாறும் எந்த வலியையும் நம் வீடுகளில் வாய்வு என்பார்கள். பூண்டு உரித்துக் கொடுப்பார்கள், தைலம் தேய்ப்பார்கள். சில வாரங்களில் வலி தானே அடங்கிவிடும். தைலம் கேட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் மூட்டை விட்ட நோய் இதயத்தை விடுவதில்லை. இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலிருக்கும் மைட்ரல் வால்வு மெல்லத் தடித்து, ஒட்டி, சுருங்குகிறது. சிறிய வீட்டில் நெருக்கியடித்துப் படுத்தால் தொண்டைக் கிருமி எளிதாகப் பரவும். அதனால் இது பணமில்லாதவர்களின் நோய் என்று உலகெங்கும் அறியப்பட்டது. இருந்தும், காலனிய மருத்துவம் நெடுங்காலம் இதைக் குளிர்நாட்டு நோய் என்றே நம்பியது. வெப்ப நாடுகளில் இது அரிது என்று 1930 வாக்கில்கூட எழுதினார்கள். தேடாததால் அகப்படவில்லை, அகப்படாததால் இல்லை என்று முடிவுகட்டினார்கள். அந்த நம்பிக்கையில் பயின்று வந்த மருத்துவர்கள் இளம் பெண்ணின் இளைப்புக்கு வேறு காரணங்களைத் தேடியிருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

தில்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தைச் சேர்ந்த சுஜய் ராயும் அவருடைய சகாக்களும் 1963-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட கட்டுரை இந்த நம்பிக்கைக்குப் பெரிய அடி. மேலைநாடுகளில் வாதக் காய்ச்சல் வந்த பிறகு வால்வு கடுமையாகச் சுருங்கப் பல பத்தாண்டுகள் ஆகும். இந்தியாவிலோ இருபது வயதுக்குள்ளேயே சுருங்கிவிடுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். மருத்துவ உலகம் இதை இதயவியலின் செய்தியாகப் படித்தது. பேறுகாலத்தின் செய்தியாகவும் படித்திருக்க வேண்டும். லண்டனிலோ பாஸ்டனிலோ ஒரு பெண்ணின் வால்வு இறுகும்போது அவள் பிள்ளைப்பேறெல்லாம் பெரும்பாலும் முடிந்திருக்கும். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண்ணுக்கு வால்வு இறுகும் வயதும் கழுத்தில் தாலி ஏறும் வயதும் ஒன்று.

கருவுற்றவளின் உடலில் ரத்தத்தின் அளவு நாற்பது முதல் ஐம்பது சதவீதம் வரை கூடுகிறது. இதயம் நிமிடந்தோறும் இறைக்கும் ரத்தமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் ஏறி, 28-ஆம் வாரத்துக்கும் 32-ஆம் வாரத்துக்கும் இடையில் உச்சத்தைத் தொடுகிறது. வால்வு நல்லபடியாக இருந்தால் இது பாரமில்லை. சுருங்கிய வால்வு, மடை அடைபட்ட கண்மாய்க்குள் வெள்ளம் வந்த நிலைமைதான்: நீர் பின்னால் ஏறுகிறது, ஏறும் இடம் நுரையீரல். படுத்தால் மூச்சு முட்டும், எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும், இருமலில் இளஞ்சிவப்பாய் நுரை வரும். பிரசவத்தின்போது வலியாலும் முக்கலாலும் பாரம் இன்னும் ஏறுகிறது. குழந்தை பிறந்த உடனே, சுருங்கும் கருப்பையிலிருந்த ரத்தமெல்லாம் ஒரேயடியாக இதயத்துக்குத் திரும்புகிறது. பிள்ளை நல்லபடியாகப் பிறந்துவிட்டது என்று வீடே ஆறுதலடைந்த நேரத்தில் தாய் இறந்துபோவதற்குக் காரணம் இதுதான். இத்தகைய சாவுகளைச் சன்னி என்றும், காத்துக் கருப்பு என்றும் சொல்லிவந்தார்கள்.

இந்த உச்சம் விழும் மாதத்தைக் கவனியுங்கள். ஏழாம் மாதம். வளைகாப்பு முடித்துப் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவரும் மாதம். புகுந்த வீட்டில் மருமகளுக்கு மூச்சு வாங்கினால் அது மசக்கை, வேலைக்குச் சடைவு, ரத்தம் பத்தாது. கரிசல் பெண்களிடம் ரத்தச் சோகை எங்கும் இருந்ததால், கடைசிக் காரணம் பாதி உண்மையாகவும் இருந்தது. பாதி உண்மை மீதியை மறைத்தது. தாய்வீட்டுக்கு வந்தபின்தான் பெற்றவள், இது நிறைமாத இளைப்பில்லை, மகள் ராத்திரி படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்க்கிறாள். அப்போது மாட்டுவண்டி கட்டிக் கோவில்பட்டிக்குப் போய், 1876 முதல் ஓடும் ரயிலில் மதுரைக்கே கொண்டுபோனாலும், கருவைக் கலைத்துக் காப்பாற்றும் காலம் தாண்டிவிட்டிருக்கும். முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் கலைத்தால் இதய நோயுள்ளவளுக்கு ஆபத்து குறைவு. நாட்கள் ஏற ஏற, கலைப்பதன் ஆபத்தும் சுமப்பதன் ஆபத்தும் நெருங்கி வந்து, ஒரு கட்டத்தில் ஒன்றுக்கொன்று சமமாகிவிடுகின்றன. அன்பு மிகுந்த ஒரு வழக்கம், பெண்ணை ஓய்வுக்கு அழைத்து வருவதற்கென்றே ஏற்பட்ட வழக்கம், மருத்துவக் கணக்கில் நான்கு மாதம் பிந்தியிருந்தது. வழக்கத்தைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அந்த நான்கு மாதத்தில் அவள் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்க ஒருவரும் இல்லாததுதான் குறை.

தீப்பெட்டித் தொழில் இந்தக் கதைக்குள் வருகிறது. ஆனால் அதன் இடத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுவந்து 1920-களில் தொடங்கிய தீப்பெட்டி உற்பத்தி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை வரை பரவியது. மழை பொய்த்தால் பருத்தியும் கம்பும் கருகிப்போகும் சீமையில் அது கஞ்சி ஊற்றியது என்பதை மறுக்க முடியாது. தீப்பெட்டி ஆபீஸ் யாருடைய வால்வையும் சுருக்கவில்லை. ஆனால் விடியும் முன்னே ஊர் ஊராக வந்து நின்ற வண்டிகளில் ஏறிப்போனவர்களில் பெரும்பகுதி பெண்பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால், ஓட்டப் பந்தயத்தில் பாதியில் நிற்கும் பிள்ளையை ஓர் ஆசிரியராவது கவனித்திருக்கலாம். உட்கார்ந்த இடத்தில் குச்சி அடுக்குகிற, பெட்டி ஒட்டுகிற பிள்ளைக்கு இளைப்பு வெளியே தெரிவதில்லை. மூச்சு முட்டாத வேலையாக இருப்பதே நோயை மறைத்துவைத்தது. உருப்படிக் கணக்கில் கூலி என்பதால், காய்ச்சலில் ஒருநாள் படுத்தால் அன்றைய காசு இல்லை. மூட்டுவீக்கத்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போவது வீட்டுக்குக் கட்டாத செலவு. 1950-களிலேயே வந்துவிட்ட பென்சாதின் பெனிசிலின் ஊசியை மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கணக்கில் போட்டுவந்தால் வாதக் காய்ச்சல் திரும்ப வராது, வால்வு மேலும் கெடாது. ஆனால், உடம்பில் ஒன்றுமே தெரியாத பெண்ணை, மூன்று வாரத்துக்கு ஒருநாள் கூலியை விட்டு வலிக்கும் ஊசிக்கு வா என்று அழைக்க, முதலில் அவள் பெயர் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும்.

இந்தப் பெண்களிடையே கருக்கலைப்பே நடக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. எருக்கங்குச்சியைப் பற்றி நீதி மருத்துவ நூல்கள் சொல்கின்றன, கிராமத்துக் கிழவிகளுக்கும் தெரியும். அது இதயத்துக்காக நடந்தது அரிது. பிள்ளைகள் அதிகமானதாலும் விதவைக்குக் கரு தங்கியதாலும் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சியதாலும் நடந்தது. நெஞ்சில் நோய் இருப்பது தெரியாமலே அதற்கு உட்பட்ட பெண்களும் இருந்திருப்பார்கள். அழுக்குக் குச்சியால் ரத்தத்தில் ஏறும் கிருமி, கெட்ட வால்வைத் தேடிப் போய்க் குடியேறும்; பெனிசிலினுக்கு முந்தைய காலத்தில் அப்படிக் குடியேறிய நோயிலிருந்து யாரும் தப்பியதில்லை என்றே சொல்லலாம். கலைப்பால் காப்பாற்றப்பட வேண்டியவள் கலைப்பாலேயே செத்தாள். அதுவும் முன்சீப் கணக்கில் ‘காய்ச்சல்’தான்.

மேலை மருத்துவம் இதே காலத்தில் எதிர்த்திசையில் தடுமாறியது. எடின்பரோ மகப்பேறு மருத்துவர் ஆங்கஸ் மெக்டோனல்டு 1878-இல் இதய நோயும் கர்ப்பமும் பற்றி வெளியிட்ட நூலில், தாம் திரட்டிய நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்ததாகச் சொன்னார். பிரெஞ்சு மருத்துவர் மிஷெல் பீட்டர், இதய நோயுள்ள கன்னிக்கு மணம் ஆகாது, மணமானவளுக்குக் கர்ப்பம் ஆகாது, பெற்றவளுக்குப் பாலூட்டல் ஆகாது என்று விதித்தது அரைநூற்றாண்டுக்கு மருத்துவர்களின் வாய்ப்பாடாக இருந்தது. இதயத்தில் ஏதேனும் முணுமுணுப்பு கேட்டால் போதும், மணத்தைத் தடு, கருவைக் கலை. இதை உடைத்தவர்களில் முக்கியமானவர் பர்ன்லி என்ற ஆலைநகரில் சாதாரணக் குடும்ப மருத்துவராக இருந்த ஜேம்ஸ் மெக்கன்சி. தொழிலில் இறங்கிய புதிதில் தம் கண்முன்னே ஓர் இளம் கர்ப்பிணி இதயம் செயலிழந்து இறந்ததுதான் அவரை இதய ஆய்வுக்குத் திருப்பியது. எந்த முணுமுணுப்பு கொல்லும், எது வெறும் ஓசை என்று நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்து, 1921-இல் இதய நோயும் கர்ப்பமும் குறித்துத் தனி நூலே எழுதினார். அவர் காட்டிய வழியில், தேவையில்லாத கலைப்புகள் மேலைநாட்டு மருத்துவமனைகளில் மெல்லக் குறைந்தன. சரியாகக் கண்டறிவது கலைப்பை எளிதாக்க மட்டும் உதவுவதில்லை, வேண்டாத கலைப்பைத் தடுக்கவும் உதவுகிறது என்பதற்கு மெக்கன்சியின் வாழ்க்கை சான்று. பயந்த மருத்துவரும் ஒன்றும் தெரியாத மருத்துவரும் ஒரே அளவு ஆபத்தானவர்கள்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது, பலமானது: ஏட்டில் விலக்கு இருந்தாலும் 312-ஆம் பிரிவு மருத்துவர்களை மிரட்டிவைத்தது, உயிரைக் காக்க என்ற சொல்லுக்கு எவ்வளவு பொருள் என்று யாரும் சொல்லவில்லை, ஆகவே சட்டமே தடை. இதில் உண்மை உண்டு. இங்கிலாந்திலேயே 1938-இல் அலெக் போர்ன் என்ற மருத்துவர், வன்புணர்வுக்கு ஆளான பதினான்கு வயதுச் சிறுமியின் கருவைக் கலைத்துவிட்டு, தாமே வழக்கை வரவழைத்துக்கொண்டு கூண்டில் நின்ற பிறகுதான், நோயாளி சாவின் விளிம்புக்கு வரும்வரை மருத்துவர் காத்திருக்க வேண்டியதில்லை என்ற விளக்கம் நீதிபதி வாயிலிருந்து வந்தது. இந்தியாவில் அந்தத் தெளிவு சட்டமாக வர, மகாராஷ்டிர அமைச்சர் சாந்திலால் ஷா தலைமையில் 1964-இல் குழு அமைந்து, 1966-இல் அறிக்கை வந்து, 1971-இல் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வர வேண்டியிருந்தது. பன்னிரண்டு வாரம் வரை ஒரு மருத்துவர், இருபது வாரம் வரை இரண்டு மருத்துவர்கள்; உயிரோடு உடல்நலமும் மனநலமும் காரணமாகச் சேர்ந்தன. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும், கணவனின் கையெழுத்து வேண்டியதில்லை. பல ஆஸ்பத்திரிகள் அதைக் கேட்டுக்கொண்டேயிருந்தது வேறு விஷயம்.

அந்தச் சட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் பகுதி, அதிகம் பேசப்படாத ஒரு துணைப்பிரிவு. உடல்நலத்துக்குக் கேடு வருமா என்று முடிவுசெய்யும்போது, பெண் இப்போது வாழும் சூழலையும், இனி வாழவிருக்கும் சூழலையும் கணக்கில் எடுக்கலாம் என்கிறது அது. நியூயார்க் இதயக் கழகம் 1928-இல் வகுத்த நான்கு படிகளைத்தான் இன்றுவரை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள்: வழக்கமான வேலையில் மூச்சு வாங்காவிட்டால் முதல் படி, சும்மா இருக்கும்போதே வாங்கினால் நான்காம் படி. வழக்கமான வேலை எது? அமெரிக்க நகரத்துப் பெண்ணுக்கு மாடிப்படி ஏறுவது. கோடையில் கரிசல் காட்டுப் பெண்ணுக்கு இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் சுமந்து நடப்பது, வெயிலில் பருத்தி எடுப்பது, விறகு வெட்டுவது. அதே வால்வு அங்கே இரண்டாம் படி, இங்கே மூன்றாம் படி. மருத்துவ வாய்ப்பாடு மறந்ததைச் சட்டம் நினைவில் வைத்திருந்தது. ஆகவே சட்டம் முக்கியமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சட்டம் வந்த மறுநாளிலிருந்து கழுகுமலைப் பெண்ணுக்கு என்ன மாறியது என்று கேட்டால்தான் என் வாதம் நிற்கிறது. கழுகுமலையில் நெஞ்சைக் கேட்டு வால்வைச் சொல்ல ஆள் இல்லை. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965-இல்தான் தொடங்கியிருந்தது. அங்கே நோயைக் கண்டறிந்தபோது பெரும்பாலும் மூன்று, நான்கு மாதம் கடந்திருக்கும். அந்த மாதங்களில் அன்றைக்கு நாடெங்கும் கையாளப்பட்ட முறைகளில் ஒன்று, கருப்பைக்குள் அடர்ந்த உப்புக் கரைசலை ஏற்றுவது. உப்பு ரத்தத்தில் கலந்தால் இதயத்தின் பாரம் கூடும் என்பதால் அது இதய நோயாளிக்கு விலக்கப்பட்டது. மீதி இருந்தவற்றில் ஒன்று வயிற்றைத் திறந்து அறுவை செய்வது; அதற்கு மயக்க மருந்து, ரத்தம், எல்லாம் வேண்டும். சட்டம் இருபது வாரம் வரை அனுமதித்தது. அவள் உடல் பன்னிரண்டோடு நிறுத்திக்கொண்டது.

இரண்டாவது மறுப்பை இதய அறுவை மருத்துவர்கள் சொல்வார்கள்: வால்வைச் சரிசெய்துவிட்டால் கருவைக் கலைக்கும் கேள்வியே எழாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1940-களின் இறுதியில் வந்த ரீவ் பெட்ஸ் அங்கே நெஞ்சறுவைத் துறையை அமைத்தார். இதயத்தைத் திறக்காமல், துடித்துக்கொண்டிருக்கும்போதே விரலாலும் கருவியாலும் வால்வை விரிக்கும் மூடிய அறுவையில் வேலூர் உலகப் பெயர் பெற்றது. அங்கே 3,724 பேருக்குத் தொடர்ந்து செய்த அறுவையின் கணக்கை ஸ்டான்லி ஜானும் உடனிருந்தவர்களும் 1983-இல் வெளியிட்டார்கள். கர்ப்பிணிகளுக்கும் இதைச் செய்யலாம் என்று லண்டனில் ரஸ்ஸல் பிராக் 1952-லேயே காட்டியிருந்தார். ஜப்பானின் கன்ஜி இனோவே 1984-இல் அறிமுகப்படுத்திய பலூன் முறை, நெஞ்சைக் கீறாமல் தொடை ரத்தக்குழாய் வழியாகவே வால்வை விரித்தது. எத்தனையோ பெண்கள் கருவையும் இழக்காமல் உயிரையும் இழக்காமல் இதனால் பிழைத்தார்கள். இதற்காக அந்த மருத்துவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

ஆனாலும், அறுவை கேள்வியை இடம்மாற்றியதே தவிர ஒழித்துவிடவில்லை. விரிக்க முடியாத அளவுக்குச் சுண்ணாம்பு ஏறிய வால்வுக்குச் செயற்கை வால்வுதான் வழி. திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் வலியத்தான் குழுவினர் உருவாக்கி 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்திய சித்ரா வால்வு, வெளிநாட்டு வால்வின் விலையைக் கொடுக்க முடியாதவர்களுக்கு உயிர்ப்பிச்சை. தெற்குச் சீமைக்காரர்களுக்குச் சென்னையைவிட அந்த ஊர் பக்கம். ஆனால் உலோக வால்வு பொருத்தியவர் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை முதல் மாதங்களில் கருவை ஊனமாக்கக்கூடும்; நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டித் தாய் இறக்கக்கூடும். அறுவைக்குப் பிறகு நோய் தீர்ந்துவிட்டது என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண், கட்டிக்கொடுக்கப்பட்டு, கருவுற்று, இன்னும் சிக்கலான இடத்தில் வந்து நிற்கிறாள். அவளுக்குக் கர்ப்பத்துக்கு முன்பே பேச வேண்டும். இங்கும் காலம்தான் கேள்வி.

மூன்றாவது மறுப்பு எனக்கு மிகவும் வலிப்பது: பெண்ணே பிள்ளை வேண்டும் என்கிறாளே, அவளிடம் மாதத்தையும் வாரத்தையும் பேசி என்ன பயன்? மகளின் நெஞ்சுநோயைச் சொன்னால் மாப்பிள்ளை கிடைக்காது என்று மறைத்துக் கட்டிக்கொடுக்கும் வீடுகள் உண்டு. கட்டிய வருடமே வயிறு திறக்காவிட்டால் பேசும் வாய்களும் உண்டு. மலடி என்ற பெயரைவிடச் சாவு மேல் என்று துணியும் பெண்ணை யார் குறைசொல்ல முடியும்? பிரெஞ்சு மருத்துவரின் வாய்ப்பாட்டை அவள் தலையில் சுமத்த நான் கேட்கவில்லை. ஆனால் ஆறாம் வாரத்தில், உன் வால்வு இப்படி இருக்கிறது, இத்தனை ஆபத்து, விரித்துப் பார்க்கலாம், கலைத்துவிட்டு வால்வைச் சரிசெய்து அப்புறம் பெற்றுக்கொள்ளலாம், துணிந்து சுமக்கவும் செய்யலாம் என்று சொல்லக் கேட்டு அவள் எடுக்கும் முடிவு ஒன்று. முப்பதாம் வாரத்தில் மூச்சுத் திணறலோடு தூக்கிவரப்பட்டு, எதுவும் கேட்கப்படாமல் நடப்பது இன்னொன்று. இரண்டாவதை அவள் விருப்பம் என்று அழைப்பது அநியாயம். அதேபோல, ஒருமுறை கலைத்தவளுக்குச் சேர்த்தே கருத்தடை அறுவையையும் செய்துவிடும் பழக்கம், குடும்பக் கட்டுப்பாட்டு இலக்குகள் கோலோச்சிய காலத்தில் வேரூன்றியது. வால்வைச் சரிசெய்த பிறகு பிள்ளை பெற்றிருக்கக்கூடிய பெண்களிடமிருந்து அது அந்த வாய்ப்பைப் பிடுங்கியது.

இதெல்லாம் பழங்கதை, இப்போது 108 வண்டி இருக்கிறது, காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, கர்ப்பிணிகளின் பெயரைப் பதியக் கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார் என்பவர்களுக்குச் சென்னை மருத்துவக் கல்லூரியின் பதிவேடு பதில் சொல்கிறது. 2016 ஜூலையிலிருந்து 2019 டிசம்பர் வரை, இதய நோயுள்ள பெண்களின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களை அங்கே வரிசையாகப் பதிந்தார்கள். நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோருக்கு, பழைய வாதக் காய்ச்சல் தந்த வால்வு நோய். நூற்றுக்கு அறுபது பேருக்கு இதய நோய் இருப்பதே அந்தக் கர்ப்பத்தில்தான் முதன்முதலாகத் தெரிந்தது. ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பேர் இறந்தார்கள். அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டின் பொதுவான பேறுகால இறப்பு லட்சத்துக்கு அறுபதையொட்டி இருந்தது என்பதோடு இதை ஒப்பிட்டால் முப்பது மடங்குக்கு மேல். செயற்கை வால்வு பொருத்தியவர்களிடையே இன்னும் அதிகம். நாட்டில் முன்னேறியதென்று பெயரெடுத்த மாநிலத்தில், அதன் தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துசேர்ந்தவர்களின் கணக்கு இது.

கடைசியாகச் சட்டத்தின் பக்கமே திரும்ப வேண்டியிருக்கிறது. அது இந்த நோயாளியை இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை. 2021 திருத்தம் ஒரு மருத்துவரின் கருத்தோடு இருபது வாரம் வரையும், குறிப்பிட்ட பெண்களுக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு இருபத்துநான்கு வாரம் வரையும் அனுமதித்தது. அந்தக் குறிப்பிட்ட பெண்கள் யார் என்று விதி ஏழு வகைகளை எண்ணுகிறது: வன்கொடுமைக்கு ஆளானவர், சிறுமியர், கர்ப்பகாலத்தில் விதவையானவர் அல்லது மணவிலக்குப் பெற்றவர், கடும் உடல் ஊனமுள்ளவர், மனநோயுள்ளவர், குறையுள்ள கருவைச் சுமப்பவர், பேரிடரில் சிக்கியவர். எல்லாம் நியாயமானவை. இதய நோயுள்ளவள் அதில் இல்லை. ஊனமுற்றோர் சட்டத்தின் பட்டியலிலும் அவள் நோய் இல்லை. இருபத்திரண்டாம் வாரத்தில் வால்வு நோய் தெரியவந்த பெண்ணுக்கு மிஞ்சுவது, உயிரைக் காக்க உடனடியாகத் தேவை என்று மருத்துவர் நல்லெண்ணத்தோடு கருதினால் செய்யலாம் என்னும் ஐந்தாம் பிரிவு. ஏறத்தாழ 1860-இன் அதே சொற்கள், ‘உடனடியாக’ என்பது மட்டும் கூடுதல். உடனடியாக என்றால் இன்றைக்கா, வரப்போகும் முப்பதாம் வாரத்துக்கு முன்பா? இன்று நடந்து வந்த பெண்ணைப் பார்த்து, எட்டு வாரம் கழித்து இவளுக்கு மூச்சடைக்கும் என்று எழுதிக் கையொப்பமிட எத்தனை மருத்துவர்கள் துணிவார்கள்? அத்தனை பிந்திக் கலைப்பதே ஆபத்து, பிறகு விதி எதற்கு என்று கேட்கலாம். பிந்திக் கலைப்பதும் சுமப்பதும் சமமான ஆபத்தானால் அதை நிறுத்துப் பார்க்க வேண்டியவள் அவள்தான். நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் மிகுந்த சிலருக்கோ அப்போதும் கலைப்பதே சுமப்பதைவிடப் பாதுகாப்பு. விதியில் எட்டாவதாக ஒரு வகை சேர்க்க வேண்டும். ஒரு வரி போதும்.

அதைவிட முந்தைய வேலை கிராமத்தில் இருக்கிறது. கருத்தரித்ததும் பெயர் பதியும்போது எடை, ரத்த அழுத்தம், ரத்தச் சோகை எல்லாம் பார்க்கிறார்கள். பன்னிரண்டு வாரத்துக்குள் ஒரு மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டாரா, சந்தேகமிருந்தால் எக்கோ எடுக்க அனுப்பினாரா என்று கேட்கும் கட்டாயக் கட்டமும் அந்தப் பதிவேட்டில் வேண்டும். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் பள்ளிப்பிள்ளைகளிடம் தேடச் சொல்லும் நோய்களில் வாதக் காய்ச்சலின் இதய நோயும் ஒன்று. எட்டாம் வகுப்போடு நின்று தீப்பெட்டி ஆபீசுக்கோ, வீட்டில் பெட்டி ஒட்டவோ போய்விட்ட பெண்ணை அந்தத் தேடல் தொடுவதில்லை. அவளைத் தேடிப் போகும் நாள் ஆபீஸ் வேலைநாளாக இருக்க வேண்டும், அன்றைய கூலி அவளுக்குக் குறையக் கூடாது.